தினம் ஒரு படம்: வீட்டையும் தெருவையும் கைபேசியில் படம்பிடிக்க முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டில் மூன்று ஆல்பங்கள் இருக்கின்றன. அக்காவின் திருமணம், என் திருமணம், தாத்தாவின் சதாபிஷேகம். மூன்றிலும் அம்மா பட்டுப்புடவை கட்டி, விறைப்பாக நின்று, கேமராவைப் பார்க்கிறார். எனக்குத் தெரிந்த அம்மா அவரல்லர். நூல் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அரிவாள்மணை முன் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்கிறவர்தான் என் அம்மா. ஒவ்வொரு பூவாகப் பிரித்துக் கள்ளனைக் கிள்ளி எறிந்துவிட்டு மோர்ப் பாத்திரத்தில் போடுவார். விரல் நுனிகள் கறுத்திருக்கும். அந்த அம்மாவுக்கு ஒரு படம்கூட இல்லை. அவர் இருந்த கடைசி எட்டு ஆண்டுகளும் கேமரா உள்ள கைபேசி என் சட்டைப்பையில்தான் இருந்தது.

தினம் ஒரு படம் என்ற பழக்கம் எனக்கு அந்த வருத்தத்தில்தான் தொடங்கியது. இதற்குப் பெரிய கேமரா வேண்டாம், பயணம் வேண்டாம். கையில் இருக்கும் கைபேசியும் நாளுக்குப் பத்து நிமிடமும் போதும். நான் கற்றுக்கொண்டதை, கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: வட்டத்தைச் சிறிதாக்குங்கள்

புதிதாகப் படம் எடுக்கத் தொடங்குகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மலைக்கோ கடற்கரைக்கோ போகிறார்கள். போகட்டும். ஆனால் ஊட்டியின் சூர்யோதயத்தை எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டு முற்றத்தில் பத்து மணிக்கு விழும் வெயிலை எடுக்க உங்களைத் தவிர ஆள் இல்லை.

புகைப்படக் கலையே அப்படித்தான் பிறந்தது. இன்று நம்மிடம் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமராப் படம், பிரான்சில் நிசெஃபோர் நியெப்ஸ் 1826 அல்லது 1827இல் தம் வீட்டு மாடிச் சன்னலிலிருந்து எடுத்தது. எதிரே தெரிந்த கூரைகளும் சுவர்களும்தான் அதில் இருக்கின்றன. 1838இல் லூயி டாகேர் பாரிஸ் தெரு ஒன்றைப் படம் எடுத்தார். படம் பதியப் பல நிமிடங்கள் பிடித்ததால், ஓடிய வண்டிகளும் நடந்த மனிதர்களும் பதியாமலே மறைந்துபோனார்கள். ஓரத்தில் ஒருவர் காலைத் தூக்கி வைத்துக் காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டு அசையாமல் நின்றிருந்தார். அவர் மட்டும் பதிந்தார். படத்தில் முதன்முதலாகத் தெரியும் மனிதர்களில் ஒருவராக அவரைச் சொல்கிறார்கள். அவர் செய்துகொண்டிருந்ததோ நாள்தோறும் நடக்கும் வேலை.

நான் இருப்பது கும்பகோணத்தில். என் வட்டம் இவ்வளவுதான்: வீடு, காவிரிப் படித்துறைக்குப் போகும் தெரு, தெருமுனை டீக்கடை, அதையொட்டிய பூக்கடை. நடந்தால் பத்து நிமிடம். நீங்களும் உங்கள் வட்டத்தைத் தீர்மானித்துக்கொண்டு, அதற்குள் இருக்கும் பத்துப் பொருள்களை, பத்து வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். என் முதல் தாளில் இருந்தவற்றில் சில: அப்பா செய்தித்தாளை மடிக்கும் விதம், சமையலறைச் சன்னலில் காயும் டபரா செட், வெற்றிலைக் கவுளி கட்டும் கை, பள்ளிக்குக் கிளம்புமுன் மகள் ஷூவுக்குள் தேடும் ஒற்றைச் சாக்ஸ். அந்தத் தாளே மூன்று மாதத்துக்குப் போதுமானதாக இருந்தது.

படி 2: கைபேசியைத் தயார் செய்யுங்கள்

முதலில் லென்ஸைத் துடையுங்கள். நாள் முழுதும் விரலும் சட்டைப்பையும் பட்டு அதன் மேல் எண்ணெய்ப் படலம் படிந்திருக்கும். வெளிச்சத்தைப் பார்த்து எடுத்தால் படம் முழுதும் புகைமூட்டம் போலத் தெரிவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். துவைத்து மெலிந்த பருத்தி வேட்டித் துண்டு இதற்கு நன்றாக உதவும்.

அமைப்புகளில் மூன்றை மட்டும் மாற்றுங்கள். திரையில் கட்டக் கோடுகள் தெரியும்படி வையுங்கள். படித்துறையும் வாசற்படியும் சாய்ந்து விழுவது குறையும். ஃபிளாஷை நிறுத்திவிடுங்கள். 50 மெகாபிக்சல், 108 மெகாபிக்சல் என்று விளம்பரப்படுத்தும் கைபேசிகள் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களைச் சேர்த்து வழக்கமாக 12 மெகாபிக்சல் அளவில்தான் படம் தரும். அதை அப்படியே விடுங்கள். மங்கிய ஒளியில் புள்ளி புள்ளியாகச் சிதறாத படம் வேண்டுமென்றால் அதுவே நல்லது. விரலால் இழுத்துப் பெரிதாக்கும் டிஜிட்டல் ஜூமைத் தவிர்த்துவிட்டு இரண்டடி முன்னால் போங்கள்.

மூன்றாவது மாற்றம் முகத்துக்கு அழகூட்டும் வசதி. அதை அடியோடு அணைத்துவிடுங்கள். பல கைபேசிகளில் அது கேட்காமலே வேலை செய்து தோலின் சுருக்கத்தை அழித்து, நிறத்தை வெளுக்க வைக்கிறது. என் அப்பாவின் கன்னத்தில் இருக்கும் மச்சத்தையும் வெயிலில் கறுத்த நெற்றியையும் இந்த வசதி ஒருமுறை துடைத்து எடுத்துவிட்டது. திரையில் இருந்தவர் என் அப்பா போல இருந்தார், அப்பாவாக இல்லை. கறுப்பு நிறத்தைக் குறையாகக் கருதும் ஒரு பொறியை நம் வீட்டு முகங்கள் மேல் அவிழ்த்துவிடுவதில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை.

படி 3: வெளிச்சத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் பொழுதுபோக்கில் கற்க வேண்டியதில் முக்கால் பங்கு இதுதான். அவசரப்படாமல் இங்கே நிற்போம்.

ஒரு பயிற்சி. பகலில் வீட்டின் எல்லா மின்விளக்குகளையும் அணையுங்கள். ஒரு சன்னலுக்குப் பக்கவாட்டில், இரண்டு மூன்றடி தள்ளி, வீட்டில் யாரையாவது ஏதாவது வேலையோடு உட்காரச் சொல்லுங்கள்: பூண்டு உரிக்கலாம், துணி மடிக்கலாம். சன்னல் அவருடைய தோளுக்கு நேராக இருக்கட்டும். ஒரு கன்னத்தில் ஒளி விழும், மறு கன்னம் மெல்ல இருட்டுக்குள் போகும். இப்போது டியூப்லைட்டைப் போட்டுப் பாருங்கள். நிழல் எல்லாம் கலைந்து முகம் தட்டையாகிவிடும். சன்னல் பக்கம் ஒரு நிறம், விளக்குப் பக்கம் வேறு நிறம் என்று தோலில் இரண்டு நிறம் வந்துவிடும். இந்த வித்தியாசத்தை ஒருமுறை கண்ணால் கண்டுவிட்டால், பிறகு பகலில் படம் எடுக்கும்போது கை தானாக விளக்கின் சுவிட்சுக்குப் போகும்.

அடுத்து வாசல். கோலத்தைப் பலரும் நின்றபடி தலைக்கு மேலிருந்து எடுக்கிறார்கள். உச்சி வெயிலில் அப்படி எடுத்தால் அது தரையில் அச்சடித்த படம் போல இருக்கும். மார்கழியில் எங்கள் ஊரில் சூரியன் ஆறரையை ஒட்டித்தான் எழும். ஏழு மணிக்குச் சற்று முன்பு கிழக்கிலிருந்து வெயில் தரையோடு தரையாகப் படுத்து வரும்போது, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கைபேசியை முழங்கால் உயரத்துக்கு இறக்கிப் பாருங்கள். ஒவ்வொரு மாக்கோடும் தனக்கென ஒரு சிறு நிழலைத் தரையில் போட்டிருக்கும். எங்கே கை அழுத்தி மாவு தடித்தது, எங்கே இழுத்து மெலிந்தது என்பது வரை தெரியும். சாணம் தெளித்த ஈரத் தரையில் ஒளி மினுங்கும். அரைமணி நேரம் போனால் இவை எதுவும் இருக்காது. எட்டரைக்குப் பால்காரரின் சைக்கிள் தடம் குறுக்கே போயிருக்கும், எறும்பும் வந்திருக்கும். அதுவும் ஒரு படம்தான்.

கோலம் போடும் கையை எடுக்க வேண்டுமென்றால் ஒரு சிக்கல் உண்டு. விடியலில் ஒளி குறைவு, அதனால் கைபேசி அதிக நேரம் ஒளியை வாங்கும், அசையும் கை கலங்கிவிடும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு காத்திருங்கள். புள்ளி வைக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாவை விட்டுவிட்டு ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தில் அழுத்துங்கள். என் மனைவியின் கையை நான் இப்படி எடுத்தது ஏழாம் நாள். முதல் ஆறு நாள்களும் கலங்கிய படம்தான்.

எல்லாக் கைபேசியிலும் கைக்கு வர வேண்டிய ஒரு வித்தை இது. திரையில் முக்கியமான இடத்தைத் தொடுங்கள். பக்கத்தில் ஒரு சிறு சூரியக் குறியோ கோடோ தோன்றும். அதைக் கீழே இழுத்தால் படம் இருளும், மேலே தள்ளினால் வெளுக்கும். கைபேசி எப்போதும் எல்லாவற்றையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரவே பார்க்கும். அதனால் வெள்ளை வேட்டி, கோலம், மல்லிகை எல்லாம் வெளுத்து விவரம் போய்விடும், அல்லது சாம்பல் பூசியது போலாகிவிடும். மல்லிகைச் சரத்தை எடுக்கும்போது இதழின் மடிப்பு தெரியும் வரை சற்று இறக்குங்கள். விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான கைபேசிகளில் அந்த அளவு பூட்டிக்கொள்ளும்.

நடுப்பகலில் வெயிலில் எடுக்காதீர்கள். கண்ணுக்குக் கீழே கறுப்புக் குழி விழும். திண்ணை நிழலுக்கோ பந்தலுக்கடியிலோ ஆளை அழைத்துவிடுங்கள். இரவில் டியூப்லைட்டிலும் எல்இடி விளக்கிலும் சில சமயம் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுழற்சி; ஒரு சுழற்சிக்கு இரண்டு மினுக்கு. விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. அளவுகளை நாமே வைக்கும் கேமராவின் புரோ பயன்முறையில் ஷட்டரை, அதாவது கேமரா ஒளியை வாங்கும் நேரத்தை, 1/100 அல்லது 1/50 நொடி என்று வைத்தால் பட்டை மறைந்துவிடும்.

படி 4: ஒரே இடத்தை மூன்று தூரத்தில் எடுங்கள்

என் டீக்கடையை வைத்துச் சொல்கிறேன். முதலில் எதிர்ச் சாரியிலிருந்து கடை முழுதும்: பெயர்ப்பலகை, சாய்த்து நிறுத்திய சைக்கிள்கள், பெஞ்சில் செய்தித்தாளைப் பங்கு போட்டுப் படிக்கும் நான்கு பேர். அடுத்து ஆறடி தூரத்தில் மாஸ்டர், பாய்லர், துணி வடிகட்டி. கடைசியாகக் கையெட்டும் தூரத்தில் ஒன்று: கண்ணாடித் தம்ளரின் விளிம்பில் நிற்கும் நுரை. மூன்றும் சேர்ந்தால்தான் அந்த இடம் கிடைக்கும். பெரும்பாலோர் நடுத்தூரத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

டீ ஆற்றுவதை எடுக்க எல்லோருக்கும் ஆசை. வெயில் கடைக்குள் சாய்ந்து வரும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒளி மாஸ்டருக்குப் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வரவேண்டும், பின்னணி இருட்டாக இருக்கவேண்டும்; அப்போதுதான் ஆவியும் டீயின் இழையும் ஒளிரும். ஷட்டர் 1/500 நொடி இருந்தால் இழை உறைந்து துளிகள் தனித்தனியாகத் தெரியும். 1/30 வைத்தால் பட்டு நூல் போல வழியும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், ஏனென்றால் கண்ணுக்கு அது அப்படித்தான் தெரிகிறது. ஆனால் கை நடுங்காமல் இருக்கத் தூணில் சாய்ந்துகொள்ளுங்கள்.

முகங்களை எடுக்கும்போது மிக அருகில் போய்விடாதீர்கள். கைபேசியின் முக்கிய லென்ஸ் அகலக்கோணம். ஒரு முழத்துக்குள் நீட்டினால் மூக்கு பெருத்துக் காது பின்வாங்கும். ஐந்தடி தள்ளி நின்று, கைபேசியில் இரு மடங்கு பெரிதாகக் காட்டும் 2எக்ஸ் லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

லென்ஸ்களை மாற்றி மாற்றிப் பார்க்கும் ஆசையையும் கொஞ்சம் அடக்கலாம். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் வாழ்நாளின் பெரும்பகுதி 50 மிமீ லென்ஸ் ஒன்றையே நம்பி வேலை செய்தவர். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாள்களில் அவர் திருவண்ணாமலையில் இருந்து படம் எடுத்தார். ஒரே லென்ஸோடு பழகினால், கைபேசியை வெளியே எடுப்பதற்கு முன்பே சட்டகத்துக்குள் என்ன விழும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

படி 5: திரும்பிப் போங்கள்

காவிரிப் படித்துறையின் மூன்றாம் படியில், அரசமரத்து வேருக்குப் பக்கத்தில், ஒரு கல் பெயர்ந்திருக்கிறது. அந்தக் கல்லில் நின்று, கைபேசியைப் படுக்கைவசமாகப் பிடித்து, மாதம் ஒரு படம் எடுக்கிறேன். மே மாதத்தில் மணலும் நாணலும், நடுவில் கிரிக்கெட் ஆடும் பையன்கள். மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதன்பின் ஒரு நாள் காலை மணலின் மேல் நுரையும் சருகுமாக முதல் தண்ணீர் நாக்கை நீட்டும். ஆடிப்பெருக்கன்று படி தெரியாது, தலைகள்தான் தெரியும். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் சாதாரணப் படம். பன்னிரண்டையும் வரிசையாக வைத்தபோது, இந்த ஆறு எத்தனை மாதம் ஆறாக இருக்கிறது என்பதை நான் முதல்முறையாக எண்ணிப் பார்த்தேன்.

உங்களுக்கு ஆறு இல்லாவிட்டால் மொட்டைமாடி இருக்கும், பேருந்து நிறுத்தம் இருக்கும், வளரும் குழந்தை நிற்கும் கதவுநிலை இருக்கும். நிற்கும் இடத்தையும் உயரத்தையும் மட்டும் மாற்றாதீர்கள்.

படி 6: கேட்டு எடுங்கள்

கடைக்காரரிடம் முதல் நாளே கைபேசியை நீட்டாதீர்கள். டீ குடியுங்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, "அண்ணே, நீங்கள் டீ ஆற்றுவதை ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேளுங்கள். சம்மதித்தவுடன் அவர் விறைத்துச் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார். அந்தப் படத்தையும் மரியாதையாக எடுத்து அவரிடம் காட்டுங்கள். அது அவர் விரும்பும் படம். பிறகு அவர் வேலைக்குத் திரும்புவார். உங்கள் படம் அப்போது வரும்.

வேண்டாம் என்றால் வேண்டாம்தான். எடுத்துவிட்ட பிறகு சொன்னால், அவர் கண் முன்னே அழியுங்கள். பிறர் குழந்தைகளைப் பெற்றோரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. படித்துறையில் குளிப்பவர்கள், துக்க வீடு, மருத்துவமனை இவற்றில் கைபேசி பையிலேயே இருக்கட்டும். தமிழகக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்க 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. கோபுர வாசலுக்கு வெளியே எடுக்கவே ஓர் ஆயுளுக்குப் போதுமானவை இருக்கின்றன.

படி 7: அன்றிரவே தேர்ந்தெடுங்கள்

இருபது எடுத்தால் ஒன்றை வையுங்கள். ஒரே காட்சியின் ஆறு படங்களில் எது நல்லது என்று உட்கார்ந்து பார்ப்பதுதான் உண்மையான பயிற்சி. கண் மூடியது, பின்னால் நிற்கும் மின்கம்பம் தலையில் முளைத்தது, ஓரத்தில் யாருடைய கையோ நுழைந்தது எல்லாம் போகட்டும். திருத்தம் என்று நான் செய்வது மூன்றே: சாய்வைச் சரிசெய்வது, ஓரத்தை வெட்டுவது, நிழலைச் சற்றுத் தூக்குவது. வண்ணத்தை ஏற்ற ஏற்ற, மஞ்சள் பூசிய வாசற்படி ஆரஞ்சுப் பழமாகிவிடும்.

தேர்ந்த படத்துக்குக் குறிப்பு எழுதுங்கள். யார், எங்கே, எப்போது, கூடவே படத்தில் தெரியாத ஒன்று. "சனிக்கிழமை காலை 6.50. மழைக்குப் பிறகு முதல் கோலம். அரிசி மாவு தீர்ந்துவிட்டதால் பாதி கோலப்பொடி." இருபது ஆண்டு கழித்துப் படத்தைவிட இந்த இரண்டு வரிதான் பேசும்.

படி 8: மூன்று இடத்தில் வையுங்கள்

ஒருமுறை என் கைபேசி கிணற்றடியில் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. பதினான்கு மாதப் படங்கள் அதில் மட்டுமே இருந்தன. மகள் முதல் பல் விழுந்து சிரித்த படமும் போயிற்று. அதன் பிறகு என் வழக்கம் இது: கைபேசியில் ஒன்று, வீட்டில் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் எல்லாப் படங்களையும் இலவசமான 15 ஜிபி கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. எனவே எல்லாவற்றையும் ஏற்றாமல் தேர்ந்தவற்றை மட்டும் ஏற்றுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் ஆண்டு, மாதம் என்று கோப்புறை போட்டால் போதும். மாதத்தின் முதல் ஞாயிறு இதற்கு ஒரு மணி நேரம்.

படி 9: பகிருங்கள், கொஞ்சமாக

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே நாளில் நாற்பது படம் போட்டால் யாரும் எதையும் பார்ப்பதில்லை. ஒரு படம், இரண்டு வரி. சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி இப்படி நான் அனுப்பிய டபரா செட் படத்தைப் பார்த்துவிட்டு, "அந்த நசுங்கல் நான் கீழே போட்டதால் வந்தது அண்ணா" என்று எழுதினான். அதுவரை எனக்கு அது தெரியாது. இப்போது அது அந்தப் படத்தின் குறிப்பில் இருக்கிறது.

ஒரு நுட்பம் நினைவிருக்கட்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கும், எடுத்த நாளும் இடமும் உள்ளிருந்து நீங்கிவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்பினால் முழு அளவில் போகும், ஆனால் இடக்குறிப்பும் கூடவே போகும். பிரிண்ட் போடப்போகும் உறவினருக்கு டாக்குமெண்ட். முன்பின் தெரியாதவர்களுக்கு வேண்டாம். வீட்டு வாசல், பள்ளிச் சீருடை, பள்ளி நேரம் தெரியும் குழந்தைப் படங்களைப் பொதுவெளியில் போடாமல் இருப்பது நல்லது.

பொதுவில் பகிர இன்ஸ்டாகிராம் இருக்கிறது. அங்கே நிமிர்ந்த படங்கள் திரையில் அதிக இடம் பிடிக்கும், 3:4 அல்லது 4:5 அளவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதிகம் மதிக்கும் இடம் விக்கிமீடியா காமன்ஸ், யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படங்களின் இணையக் கிடங்கு. உங்கள் ஊர்க் குளம், சந்தை, தேர்முட்டி இவற்றின் தெளிவான பகல்நேரப் படத்தைச் சுதந்திர உரிமத்தில் ஏற்றினால், தமிழ் விக்கிப்பீடியாவில் அந்த ஊரின் கட்டுரை படத்தோடு நிற்கும். உரிமத்தை ஒருமுறை கொடுத்தால் திரும்பப் பெற முடியாது. வீட்டு மனிதர்களின் படங்களை அங்கே ஏற்றாதீர்கள்.

படி 10: பிரிண்ட் போடுங்கள்

4×6 அங்குலப் பிரிண்டுக்கு 1200×1800 பிக்சல் போதும்; உங்கள் கைபேசிப் படம் அதைவிடப் பெரியது. ஸ்டூடியோவில் கொடுக்கும்போது நிறத்தைத் தாங்களாக மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் முகத்தை வெளுத்துத் தருவார்கள். பின்புறம் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தினால் முன்புறம் தடம் விழும். இன்றைய பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் பென்சில் பிடிக்காது. மெல்லிய முனையுள்ள பெர்மனென்ட் மார்க்கரால் ஓரத்தில் பெயரும் நாளும் எழுதி, நன்றாக உலர்ந்த பிறகு அடுக்குங்கள்.

பூக்கடை அக்காவுக்கு அவர் சரம் தொடுக்கும் படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். "என் கை இப்படியா இருக்கிறது தம்பி?" என்றார். பிறகு கல்லாப்பெட்டியின் மூடிக்கு உட்புறம் அதை ஒட்டிவிட்டு, திருப்பூரில் இருக்கும் மகளுக்கு இன்னொன்று வேண்டும் என்று கேட்டார். அன்றிலிருந்து எந்தப் படத்தையும் மூன்றாகப் போடச் சொல்கிறேன்: ஆல்பத்துக்கு ஒன்று, படத்தில் இருப்பவருக்கு ஒன்று, அவர் யாருக்குக் கேட்பாரோ அவருக்கு ஒன்று.